சான்றிதழில் எண்கள் எங்கே? அம்பத்தூரில் ஓர் அழுத்தக் கலன் ஆய்வுச் சேவை குறித்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில், எங்கள் அழுத்தக் கலன்களை அண்மையில் ஆய்வு செய்து சான்றளித்த சென்னை நிறுவனம் ஒன்றின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். எங்களிடம் கம்ப்ரசர் அடக்கும் காற்றைச் சேமிக்கும் தொட்டிகளான ஏர் ரிசீவர்கள் மூன்றும், ரப்பரை நீராவியில் சூடாக்கிப் பதப்படுத்தும் (க்யூரிங்) மூடிய கலனான ஆட்டோகிளேவ் ஒன்றும் உள்ளன. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்தத் தொழிலில் எந்த ஆய்வாளர் வந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே வேலையின் தரம் அமைகிறது. ஒரே நிறுவனத்தில் ஆள் மாறினால் அனுபவமும் மாறிவிடும். ஆகவே அவர்கள் எதை எப்படிப் பார்த்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று எழுதினால், வேறு நிறுவனத்தை அழைப்பவர்களுக்கும் அது உதவும்.

கொதிகலன் என்றால் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அனைவருக்கும் ஓர் அச்சம் உண்டு. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் கம்ப்ரசர் அறையின் மூலையில் சத்தமில்லாமல் நிற்கும் ஏர் ரிசீவரைப் பார்த்து எவரும் பயப்படுவதில்லை. அதன்மேல் சட்டையைக் காயப்போடுபவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன். 10 கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ) காற்று நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒன்று திடீரெனப் பிளந்தால் வெளிப்படக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 1.3 மெகாஜூல், வெடிபொருள் கணக்கில் சொன்னால் சுமார் 300 கிராம் டி.என்.டி. இந்தக் கணக்கை ஆய்வாளர் எங்கள் கம்ப்ரசரை இயக்கும் தொழிலாளர்களிடம் முதல் நாளே எளிய தமிழில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியின்மேல் துணி காயவில்லை.

வேலையைத் தொடங்குமுன் அவர்கள் செய்த முதல் உதவி, எந்தக் கலன் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பிரித்துக் கொடுத்தது. தொழிற்சாலைக்குள் இயங்கும் ஏர் ரிசீவர் போன்ற கலன்கள், 2025 நவம்பரில் புதிய சட்டத்தொகுப்புகள் வரும்வரை, தொழிற்சாலைச் சட்டம், 1948-இன் 31-ஆம் பிரிவையும் அதன் கீழான தமிழ்நாட்டு விதிகளையும் சார்ந்திருந்தன. அவற்றுக்குக் கிண்டியில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமே பொறுப்பு. நீராவி உற்பத்தி செய்யும் கொதிகலன், கொதிகலன் இயக்ககத்தின் கீழ் வரும். எரிவாயு போன்றவற்றைச் சேமிக்கும் 1,000 லிட்டருக்கு மேற்பட்ட கலன்களுக்கு 2016-ஆம் ஆண்டின் நிலையான மற்றும் நகரும் அழுத்தக் கலன் விதிகள் உள்ளன. அவற்றுக்கான உரிமத்தை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பு தருகிறது. அதன் தென் வட்டார அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, தவறான அலுவலகத்தின் வாசலில் கோப்போடு நிற்பவர்களை எங்கள் பேட்டையிலேயே பார்க்கலாம்.

புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, பழைய சோதனைகளுக்கு இனி வேலையில்லை என்ற பேச்சும் அக்கம்பக்கத்தில் அடிபட்டது. ஆய்வாளர் அதைச் சிரித்துக்கொண்டே மறுத்தார். சட்டத்தின் பெயர் மாறியது தகட்டுக்குத் தெரியாது என்பது அவர் சொன்ன பதில். வெளிப்புற ஆய்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உட்புற ஆய்வு பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் நீரழுத்தச் சோதனை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று நாங்கள் பின்பற்றிவந்த கால அட்டவணையை அப்படியே தொடரச் சொன்னார்.

மூன்று ஏர் ரிசீவர்களில் ஒன்று புதியது. தயாரிப்பாளரின் வரைபடம், தகட்டின் சோதனைச் சான்று, நீரழுத்தச் சோதனை அறிக்கை எல்லாம் கோப்பில் இருந்தன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அரை நாளில் முடிந்தது. சேவையின் உண்மையான தரம் மற்ற இரண்டிலும்தான் தெரிந்தது.

இரண்டாவது தொட்டி, மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து எங்கள் நிர்வாகம் கம்ப்ரசருடன் சேர்த்து வாங்கிய வெளிநாட்டுத் தயாரிப்பு. காகிதங்கள் எதுவும் உடன் வரவில்லை. நேம் பிளேட்டின் மேல் யாரோ பலமுறை பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டிப் பார்த்தபோது பாதி எழுத்துகள் அழிந்து, தயாரிப்பாளரின் பெயரும் ‘நேஷனல் போர்டு’ என்ற சொற்களை அடுத்த ஓர் எண்ணும் மட்டுமே படிக்கும் நிலையில் இருந்தன. எங்களுக்கு அந்த எண் வெறும் கீறலாகத்தான் தெரிந்தது. ஆய்வாளரோ அதைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார்.

அவர் விளக்கிய விவரம் இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊரில் 1905 மார்ச் 20 அன்று காலணித் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். 1907-இல் அந்த மாநிலம் கொதிகலன்களுக்குக் கட்டாய விதிகளை வகுத்தது. அதைத் தொடர்ந்து அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் கொதிகலன் விதித்தொகுப்பின் முதல் பதிப்பை 1914-இல் உருவாக்கியது. 1919-இல் தொடங்கப்பட்ட, கொதிகலன், அழுத்தக் கலன் ஆய்வாளர்களின் அமைப்பான நேஷனல் போர்டு, ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து, பதிவு செய்யப்படும் ஒவ்வொரு கலனின் தயாரிப்பு விவர அறிக்கையையும் வாங்கிக் காத்துவருகிறது. தயாரிப்பாளர் தொழிலை மூடிவிட்டாலும், கலன் நான்கு கை மாறினாலும், அந்த எண்ணைக் கொடுத்து அறிக்கையின் நகலைப் பெற முடியும். இதில் நாம் பின்தங்கியவர்கள் என்று எண்ண வேண்டாம்; கல்கத்தாவில் 1863-இல் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் உயிரிழந்ததையடுத்து வங்காளத்தில் 1864-லேயே கொதிகலன் ஆய்வுச் சட்டம் வந்துவிட்டது.

அறிக்கையின் நகல் வந்தது. 2008-இல் செய்யப்பட்ட தொட்டி. உடல் தகடு 516 கிரேடு 70 எஃகு. தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், வெல்டிங் இணைப்புகளில் சில இடங்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கப்பட்டவை. இந்த நான்கு விவரங்களும் எங்களுக்கு எவ்வளவு பெறுமானம் உடையவை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்தப் பகுதிக்காகவே இந்த மதிப்புரையை எழுத முனைந்தேன் என்று சொல்லலாம்.

உருளை வடிவக் கலனுக்குத் தேவையான குறைந்தபட்சத் தடிமனைக் கணக்கிட, அழுத்தத்தையும் உள் ஆரத்தையும் பெருக்கி, தகடு தாங்க அனுமதிக்கப்பட்ட தகைவையும் (ஸ்ட்ரெஸ்) வெல்டிங் இணைப்புத் திறனையும் (தகட்டின் வலிமையில் இணைப்புக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு) பெருக்கி வரும் தொகையில் அழுத்தத்தின் 0.6 மடங்கைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும். எங்கள் தொட்டியின் உள் ஆரம் 400 மில்லிமீட்டர். அழுத்தம் 10 கிலோ, அதாவது 0.98 மெகாபாஸ்கல், அந்த எஃகுக்கு அனுமதிக்கப்பட்ட தகைவு 138 மெகாபாஸ்கல். இருபுறமும் வெல்டிங் செய்த இணைப்பு எக்ஸ்ரே எடுக்கப்படாததாகவோ, எடுத்ததற்குச் சான்று இல்லாததாகவோ இருந்தால், இணைப்புத் திறனை 0.70 என்றுதான் கொள்ள வேண்டும். தேவைப்படும் தடிமன் 4.08 மில்லிமீட்டர் என்று வரும். சில இடங்களில் எக்ஸ்ரே எடுத்ததற்குச் சான்று இருந்தால் 0.85, தேவை 3.36 மில்லிமீட்டராகக் குறைகிறது. முழுமையாக எடுத்திருந்தால் 1.0, 2.85 மில்லிமீட்டர் போதும். தொட்டியும் வெல்டிங்கும் அதே தொட்டி, அதே வெல்டிங்தான். கையில் காகிதம் இருக்கிறதா இல்லையா என்பதால் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எஃகு கூடவோ குறையவோ செய்கிறது.

அல்ட்ராசோனிக் கருவியால் அளந்தபோது அந்தத் தொட்டியில் கிடைத்த மிகக் குறைந்த தடிமன் 4.7 மில்லிமீட்டர். தொடக்கத் தடிமன் 6.35 என்று அறிக்கையிலிருந்து தெரிந்ததால், தேய்மானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்று கணக்கிட முடிந்தது. எக்ஸ்ரே சான்று இல்லாத கணக்கில் பார்த்தால் இதற்கு இன்னும் ஆறு ஆண்டு ஆயுள். சான்றோடு பார்த்தால் பதின்மூன்று ஆண்டு. அறிக்கையே கிடைக்காமல் போயிருந்தால் எஃகின் தரமும் தெரியாது, தேய்மான வேகமும் தெரியாது. இன்னும் குறைந்த தகைவை எடுத்துக்கொண்டு, தொட்டியின் அழுத்தத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டி வந்திருக்கும். பதிவு என்றாலே அரசுக்குக் கட்டும் கட்டணம், அலைச்சல் என்று பேசுகிற முதலாளிகள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் பொறியாளரிடம் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

மூன்றாவது தொட்டிக்கு நேம் பிளேட்டே இல்லை. பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது என்பதைத் தவிர எவருக்கும் எதுவும் நினைவில்லை. இதற்கு முந்தைய ஆண்டுகளில் வேறொருவர் சான்றளித்திருந்தார்; அந்தச் சான்றிதழில் ‘திருப்தி’ என்ற சொல் ஐந்து இடங்களில் இருந்தது, தடிமன் அளவு ஓரிடத்திலும் இல்லை. இந்த முறை வந்த நிறுவனம் அதற்குச் சான்றளிக்க மறுத்துவிட்டது. எங்கள் நிர்வாகத்துக்கு முதலில் வருத்தம்தான். காசு கொடுத்து அழைத்த ஆள் மறுத்துவிட்டுப் போவதை யார் விரும்புவார்கள்? ஆனால் மறுப்போடு நின்றுவிடாமல் இரண்டு வழிகளை எழுதிக் கொடுத்தார்கள். தகட்டிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, வெல்டிங்குகளை எக்ஸ்ரே எடுத்து, புதிதாக வடிவமைப்புக் கணக்குப் போட்டு, நீரழுத்தச் சோதனையும் செய்து, அடையாள எண் பொறிப்பது ஒன்று; தொட்டியை ஒதுக்கிவிட்டு, முழு ஆவணங்களோடு புதியது வாங்குவது மற்றொன்று. முதல் வழிக்கான செலவு புதுத் தொட்டியின் விலையை நெருங்கியது. தொட்டி இப்போது காற்றுக் குழாயிலிருந்து கழற்றப்பட்டு வெளியே கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போகும்போது அதில் துளை போட்டு, வேறு எவரும் மீண்டும் அழுத்தத்துக்குப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிவுரையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பார்க்காமலே கையெழுத்திடும் வழக்கம் இத்தொழிலில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் கோப்பில் இருக்கும் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கலனின் வரிசை எண் நேம் பிளேட்டோடு ஒத்துப்போகிறதா, தடிமன் அளந்த இடங்கள் படத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா, அளவுக்கருவியின் அளவுத்திருத்தச் சான்று எண் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். எட்டு இடங்களில் அளந்தும் எட்டிலும் 6.0 என்றே இருந்தால், அந்தக் கருவி பையை விட்டு வெளியே வரவில்லை என்று பொருள்.

அளக்கும் இடங்களை இவர்கள் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நான்கு இடங்களை அளந்துவிட்டுப் போகாமல், அடிப்பக்கக் கிண்ண வடிவ மூடியிலும் (டிஷ் எண்ட்) அதை ஒட்டிய வெல்டிங்கைச் சுற்றியும் வடிகால் குழாய் சேரும் இடத்திலும் நெருக்கமாக அளந்தார்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதத்துக்கு அதுதான் பொருத்தம். வெயில் 35 டிகிரியும் ஈரப்பதம் 70 விழுக்காடும் இருக்கும் நாளில், 100 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 100 கன அடி) கம்ப்ரசர் ஒன்று 7 கிலோ அழுத்தத்துக்கு இழுத்து அடக்கும் காற்று 40 டிகிரிக்குக் குளிரும்போது, மணிக்கு மூன்று லிட்டருக்கு மேல் நீர் பிரியும். அதை நாள்தோறும் வெளியேற்றாவிட்டால் தொட்டியின் அடியில்தான் தேங்கி நிற்கும். எங்கள் 4.7 மில்லிமீட்டரும் அடிப்பக்க வெல்டிங்குக்குச் சற்று மேலேதான் கிடைத்தது. மேல் பகுதியில் தகடு ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. எண்ணூர், மணலி பக்கம் தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு வெளிப்புறத் துருவும் கூடுதல் கவலை.

நீரழுத்தச் சோதனையை ஏன் நீரால் செய்கிறோம் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். காற்றை நிரப்பியே சோதித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீர் எளிதில் சுருங்காது. மேலே சொன்ன அதே 1,000 லிட்டர் தொட்டியில் அதே அழுத்தத்துக்கு நீரை நிரப்பினால் நீரில் சேரும் ஆற்றல் சில நூறு ஜூல் மட்டுமே. காற்றோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தகடு விட்டுக்கொடுத்தால் நீர் பீய்ச்சியடிக்கும், அவ்வளவுதான். இவர்கள் தொட்டியின் உச்சியிலிருந்து காற்றை முழுமையாக வெளியேற்றிய பிறகே பம்பை இயக்கினார்கள். இரண்டு அழுத்தமானிகளைப் பொருத்தினார்கள். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். தண்ணீர் மட்டும் எங்கள் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிச் சோதனை செய்வது அம்பத்தூரில் புதிதல்ல. ஆனால் உப்பு மிகுந்த நிலத்தடி நீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலன்களுக்கு ஆகாது என்பதையும், சோதனை முடிந்ததும் வடித்து உலர்த்த வேண்டும் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே எழுதித் தந்திருக்கலாம்.

ஆட்டோகிளேவில் அவர்கள் காட்டிய கவனத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். அதன் கதவின் விட்டம் ஒன்றரை மீட்டர். உள்ளே 5 கிலோ அழுத்தம் இருக்கும்போது கதவைத் தள்ளும் விசை ஏறத்தாழ 88 டன். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்பதுபோலத் தோன்றும் 0.1 கிலோவில்கூட அது 1.77 டன். அதனால் உள்ளே அழுத்தம் சிறிதளவு இருந்தாலும் கதவுப் பூட்டு திறக்கக் கூடாது. கதவு முழுமையாகப் பூட்டாமல் நீராவியும் நுழையக் கூடாது. பூட்டுக் கட்டுப்பாட்டை அவர்கள் காகிதத்தில் பார்த்ததோடு விடாமல், குறைந்த அழுத்தத்தில் வேண்டுமென்றே திறக்க முயன்று சோதித்தார்கள். கொதிகலனிலிருந்து வரும் அதிக அழுத்த நீராவியைக் குறைத்துத் தரும் வால்வு பழுதானாலும் கலனைக் காக்கும்படி, அந்த வால்வுக்கு அடுத்தாற்போல் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா, அதன் திறப்பு அழுத்தம் கலனின் அனுமதி அழுத்தத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தார்கள். க்யூரிங் பிரிவுத் தொழிலாளர்களை அருகில் நிறுத்தி விளக்கியது, சான்றிதழைவிடப் பெரிய பயன்.

இனி குறைகள். பாதுகாப்பு வால்வுகளை அவர்கள் தாங்களே சோதிப்பதில்லை. வேறோர் இடத்துக்கு அனுப்பி வாங்குகிறார்கள். இது விலைப்புள்ளியில் தெளிவாக இல்லை. வால்வுகள் சொன்ன நாளில் திரும்பவில்லை. மாற்று வால்வு இல்லாததால் ஒரு தொட்டி வெறுமனே நின்றது, உற்பத்தி பாதித்தது. உள்ளே இறங்கிப் பார்ப்பதற்கான காற்றோட்ட ஏற்பாடு, ஆக்சிஜன் அளவுமானி, வெளியே நிற்க வேண்டிய காவலாள் ஆகியவற்றை யார் தருவது என்பதும் கடைசி நேரத்தில்தான் பேசப்பட்டது. கட்டணத்தில் நாங்கள் வாங்கிய விலைப்புள்ளிகளில் இதுவே அதிகம். அதற்காகக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கட்டணத்துக்கு முழுச் சான்றிதழும் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது ஏமாற்றம். கலனின் அனுமதி அழுத்தம், அடுத்த ஆய்வு நாள், வால்வு திறக்கும் அழுத்தம் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி ஒரு பலகையாகத் தந்திருந்தால், அன்றாடம் வால்வைத் திருகுபவர் படித்திருப்பார். நாங்களே இப்போது அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்.

இறுதி அறிக்கை மட்டும் நேர்த்தி. ஒவ்வொரு கலனுக்கும் படம், அளந்த புள்ளிகள், கணக்கு, எஞ்சிய ஆயுள், பயன்படுத்திய கருவிகளின் விவரம் எல்லாம் இருந்தன. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் புதுப்பித்தலுக்கு வந்தபோது அந்த அறிக்கையை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு கேள்வி கேட்காமல் புறப்பட்டார்.

அடுத்த ஆய்வுக்கும் இவர்களையே அழைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அதே ஆய்வாளர்தான் வர வேண்டும் என்று பணி ஆணையிலேயே எழுதப்போகிறோம். பாதுகாப்பு வால்வுகளை மட்டும் இவர்களிடம் விடாமல், ஒரு மாற்று செட் வாங்கி வைத்துக்கொண்டு நாங்களே நேரடியாகச் சோதனைக்கு அனுப்புவோம்.